சலவைக்கடைக்கு வந்த கடல்

நான் சொல்லப்போவது உண்மைக் கதை. ஒரு சொட்டுப் பொய் கிடையாது. என் வண்டியில் இருக்கிற கேன் தண்ணீர் மேல் சத்தியம்.

"உன் கேன் தண்ணி மேலயா? அப்ப பாதி பொய்" என்றார் சலூன் அண்ணன்.

சரி, ஒரு சொட்டு என்பதை ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையை அப்படியே எடுத்து வைத்தால் அது ஒரு கால் உடைந்த நாற்காலி மாதிரி ஆடும். நான் அங்கங்கே முட்டுக் கொடுப்பேன், அவ்வளவுதான். முட்டு எது, நாற்காலி எது என்று கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

இந்தப் பேச்சு ஆரம்பித்ததே ஒரு துண்டினால்தான். சலூனில் கூட்டம் இல்லை. நாற்காலியில் பேங்க் வாட்ச்மேன் முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தார். பெஞ்சில் பஞ்சர் கடைக்காரர். நான் தண்ணீர் கேன் போடுகிறவன். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு மூச்சு வாங்க உள்ளே வந்தேன். எதிர்ச் சாரியில் நுரை அக்காவின் சலவைக்கடை. கடைக்குப் பின்னால் அவள் வீடு, ஒரே அறை. நடுவில் இருக்கிற திரையை இப்போதெல்லாம் ஒதுக்கியே வைத்திருக்கிறாள். உள்ளே நீல வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்கு முன்னால் ஒரு மரநாற்காலி. அதன் முதுகில் ஒரு துண்டு. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது, இப்போது டீ வடிகட்டின துணி நிறம்.

"மாசக்கணக்கா அங்கயே தொங்குது" என்றார் பஞ்சர். "ஊர் அழுக்கையெல்லாம் வெளுக்கறவங்க வீட்ல இப்படி ஒரு துண்டு. நான் டியூப் தொடைக்கற துணி இத விட நல்லாருக்கும்யா."

"அது ஒருநாள் கீழ விழுந்து கெடந்துச்சு" என்றார் வாட்ச்மேன், நுரை வாய்க்குள் போகாமல். "எடுத்துக் குடுத்து, தொவைக்கப் போடுங்கம்மான்னேன். அவங்க பாத்த பார்வையில என் மீசை கருகிடுச்சு."

"அதுக்கு ஒரு கதை இருக்கு" என்றேன். என் வாய் சும்மா இருந்தால்தானே.

முதலில் நுரை அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளுக்கு வேறு பெயர் உண்டு. அது கரண்டு பில்லில் மட்டும் வரும். முழங்கை வரை எந்நேரமும் சோப்பு நுரை இருப்பதால் தெருவுக்கு அவள் நுரை அக்கா. அவள் கையில் ஒரு சட்டை போனால் கறை மட்டுமா போகும்? அந்தக் கறை எப்படி வந்தது என்கிற ஞாபகமே சட்டைக்காரனுக்குப் போய்விடும். அவள் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவர் சாலையில் நடந்தால், எதிரே வருகிற வண்டிக்காரர்கள், 'யோவ், லைட்டக் கொறைய்யா' என்று திட்டிவிட்டுப் போவார்கள்.

வீடும் அப்படித்தான். அந்தத் தரையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். நான் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் எனக்குப் பின்னாலேயே ஒரு துணி வரும். நான் ஓர் அடி வைப்பேன், அவள் ஒரு துடை துடைப்பாள். வெளியே வந்து திரும்பிப் பார்த்தால், நான் அந்த வீட்டுக்குள் போனதற்குச் சாட்சியே இருக்காது.

அடுத்து அவள் புருஷன். சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். அதனால் தெருவில் அவருக்கு 'விருந்தாளி' என்று பெயர். நான் மரியாதைக்கு மாமா என்று கூப்பிடுவேன். வந்த புதிதில் நன்றாகத்தான் சிரிப்பார். கொஞ்ச நாள் போனதும் ஜன்னல் பக்கம் போய் நிற்க ஆரம்பித்துவிடுவார். அந்த ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது? பக்கத்துக் கட்டடத்தின் சுவர், அதில் ஒரு குழாய், குழாய் மேல் ஒரு புறா. அந்தப் புறாவையே வெறித்துக்கொண்டு நிற்பார். புறாவுக்குக் கூச்சமாகி, முட்டையை இறக்கைக்குள் மறைத்துக்கொள்ளும். அப்புறம் லீவு முடிவதற்கு முன்பே, 'கம்பெனில கூப்பிடறாங்க' என்று பையைத் தூக்கிவிடுவார்.

கல்யாணமான காலத்திலிருந்து இதே கதை. பிள்ளைகளும் இல்லை. அக்கா ஒருநாளும், 'போகாதீங்க' என்று சொன்னதில்லை. சட்டைகளை மடித்துப் பையில் வைப்பாள். அவர் தெருமுனை திரும்பியதும், அவர் படுத்த விரிப்பு, சாய்ந்த தலையணை, துடைத்த துண்டு எல்லாம் மெஷினுக்குள் போய்விடும். சாயங்காலத்துக்குள், அந்த வீட்டில் ஒரு ஆள் இருந்தார் என்று மோப்ப நாயாலும் சொல்ல முடியாது.

போன தடவைக்கு முந்தின தடவை அவர் புறப்பட்ட மறுநாள் நான் கேன் மாற்றப் போனேன். அக்கா அந்த ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். அவர் நின்ற அதே இடம்.

"தம்பி, இங்க வா. இங்கருந்து என்னடா தெரியுது?"

"புறா தெரியுதுக்கா."

"எனக்கும் அதான் தெரியுது. அவருக்கு என்ன தெரிஞ்சுது?"

நான் என்ன கண்டேன்? "கடலு தெரிஞ்சிருக்கும்க்கா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். அவள் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"அடுத்த தடவ வரும்போது அவருக்கு வேலை பாக்கற வயசு முடியுது. கம்பெனிக்காரங்க, இருந்தா இரு, வந்தா வான்னு விட்டுடுவாங்க. அவரு இருக்கணும்டா. இந்த வீட்ல இருக்கணும்."

"நீயே கேட்டுப் பாரேன்க்கா."

"கேட்டா, கேட்டதுக்காக இருப்பாரு. அது எனக்கு வேணாம். கடல் இல்லாம அவரால முடியலன்னா, கடல இங்க கொண்டாந்துடுவோம்."

கவனியுங்கள். இங்கிருந்து கடலுக்குப் போக பஸ்ஸில் ஏறினால், இறங்கும்போது தாடி வளர்ந்திருக்கும். அந்தக் கடலைக் கொண்டுவருகிறாளாம்!

"டேங்கர்லயா?" என்றார் பஞ்சர்.

டேங்கரில் இல்லை. தொட்டியில். பெரிய கடைத்தெருவில் வண்ணமீன் விற்கிற ஒருவர் இருக்கிறார். தொட்டியைத் தூக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஆள் ஒல்லி, ஆபரேஷன் முடிந்து வெளியே வருகிற டாக்டர் மாதிரி எப்போதும் வருத்தமான முகம்.

"என்ன மீன் வேணும்?" என்றார்.

"மீன் வேணாம். கடல் வேணும்" என்றாள் அக்கா.

அவர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"கடல் தொட்டிங்கறது கைக்கொழந்தை மாதிரிம்மா. ஆனா இது அழாது. நீலமா, அழகா இருந்துட்டே செத்துப்போகும். உங்களுக்குப் பொறுமை இருக்கா?"

"வருஷம் பூரா புருஷனுக்குக் காத்திருக்கேன். என்னைப் பாத்து பொறுமை இருக்கான்னு கேக்கறீங்க?"

மனிதர் அதற்குமேல் கேள்வி கேட்கவில்லை. தொட்டி, விளக்கு, தண்ணீரைச் சூடாக வைக்கிற குழல், அலை அடிக்கிற மோட்டார் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பிறகு ஒரு வாளி உப்பு.

"உப்புக்கு எதுக்குக்கா செலவு? எங்க வீட்லயே இருக்கு, தரேன்" என்றேன்.

"அது சமையலுக்கு. இது கடலுக்கு. கடல்ல இருக்கற சத்தெல்லாம் இதுல இருக்கு" என்றார் அவர். "கொழாத் தண்ணியும் ஆகாது. நல்லா வடிகட்டின கேன் தண்ணிலதான் கரைக்கணும்."

அந்த ஒரு வார்த்தைக்காக அந்த மனிதரின் காலில் விழலாம் போல இருந்தது. அன்றுமுதல் என் வியாபாரத்துக்கு வந்தது வாழ்வு.

கடைசியாக இன்னொரு தொட்டிக்குள் கையை விட்டுப் பாறைகளை எடுத்தார். பழுப்பும் ஊதாவுமாக, வழவழவென்று, சந்துபொந்தெல்லாம் ஏதோ நெளிந்துகொண்டு. நாற்றமோ, பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். இது முட்டு, நானே ஒப்புக்கொள்கிறேன். ஷட்டரைப் பாதிதான் இறக்கினார்.

"இதுக்குப் பேரு உயிர்ப்பாறை. தொட்டிக்கு இதான் ஈரல். ஈரம் காயாம கொண்டு போயி, அப்படியே தண்ணில வச்சிடுங்க. தெனமும் இந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியில தொட்டித் தண்ணி எடுத்து ரெண்டு சொட்டு மருந்து விடுங்க. பச்சையானா விஷம் இருக்கு. மஞ்சளா இருந்தாதான் மீன் வாங்க வரலாம்."

அக்கா தலையை ஆட்டினாள். எல்லாவற்றுக்கும் ஆட்டினாள்.

மறுநாள் கேனோடு போகிறேன். துணி காயப்போடுகிற கம்பிக்குக் கீழே, வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் பாறைகள் வெயிலில் காய்கின்றன. பழுப்பைக் காணோம், ஊதாவைக் காணோம். பால் வெள்ளை. பிரஷ் போட்டுத் தேய்த்து, பிளீச்சிங்கில் ஊறவைத்து, வெந்நீரில் அலசி, டிரையரிலும் ஒரு சுற்று சுற்றி எடுத்திருக்கிறாள்.

"டிரையர்லயா? கல்லயா?" என்று வாட்ச்மேன் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். சலூன் அண்ணன் கத்தியை எடுக்காவிட்டால் காது போயிருக்கும்.

சரி, டிரையர் முட்டு. பிளீச்சிங் நாற்காலி.

"எப்படி இருக்கு?" என்றாள் என்னிடம். அவ்வளவு பெருமை முகத்தில்.

"பல் டாக்டர் கடை போர்டு மாதிரி இருக்குக்கா."

"பாவம் அந்த ஆளு, எத்தன வருஷமா தொவைக்காம வச்சிருந்தாரோ. ஒரே புழு! இந்த அழுக்கயா நான் அவரு கண்ணுல காட்டுவேன்?"

எனக்கென்ன தெரியும்? சபாஷ் என்றேன்.

தொட்டியை நிரப்பினோம். கண்ணாடியும் தெரியாது, தண்ணீரும் தெரியாது, அப்படி ஒரு தெளிவு. சொட்டு மருந்து விட்டால் மஞ்சள். மறுநாளும் மஞ்சள். அழுக்கே இல்லாத இடத்தில் விஷம் எங்கிருந்து வரும்? அக்கா ஓடிப்போய் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு கோமாளி மீன் வாங்கிவந்தாள். அது அந்த வெள்ளைப் பாறைகளுக்கு நடுவே, ஆஸ்பத்திரிக்குத் தனியாக வந்த நோயாளி மாதிரி, ஒரு மூலையில் நின்றது. அவள் தீனி போட்டாள். அது தின்றது. தின்றால் அதுவும் செய்யவேண்டியதைச் செய்யும்தானே.

கொஞ்ச நாளில் மருந்து பச்சை காட்டியது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஒரு காலை நான் போனபோது அக்கா அதை, இஸ்திரி போட்ட ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். நான் கேலி பேசுகிறவன்தான். அன்று பேசவில்லை.

கடைக்காரரிடம் போனோம்.

"பாறைய என்ன பண்ணீங்க?" என்றார்.

"தொவைச்சேன்."

"தொவைச்சீங்களா?"

"ரெண்டு தடவ."

அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "அம்மா, நீங்க அழுக்குன்னு நெனச்சீங்களே, அதான் அங்க குடித்தனம். கண்ணுக்குத் தெரியாம கோடிக்கணக்குல இருக்காங்க. மீன் பண்ற அசிங்கத்த அவங்கதான் தின்னு சரிபண்ணுவாங்க. நீங்க ஊர மொத்தமா வெளுத்துட்டு, ஆளில்லாத தெருவுல அந்த மீன மட்டும் குடி வச்சிருக்கீங்க."

பஸ்ஸில் வரும்போது அக்கா தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் நின்று கேட்டாள்:

"சுத்தம் பண்ணினா தப்பாடா தம்பி?"

"தெரியலக்கா. எங்க வீட்ல நான் பண்ணிப் பாத்ததில்ல."

அன்று சாயங்காலம் ஏதோ துறைமுகத்திலிருந்து மாமா போன் பண்ணினார். அவர்கள் பேசுவதை நீங்கள் கேட்டதில்லையே. நான் மனப்பாடமாகச் சொல்வேன்.

"சாப்டியா?"

"ம். நீங்க?"

"ம். உடம்பு?"

"நல்லாருக்கு. உங்களுக்கு?"

"ம்."

அவ்வளவுதான். நடுவில் இருக்கிற கடல் முழுவதும் அந்த 'ம்'முக்குள் போய்விடும். மீனைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. பேசி முடித்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

மறுபடி ஆரம்பித்தாள். புதிய உயிர்ப்பாறையை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். வாழ்நாளில் முதல்முறையாக அவளிடமிருந்து ஒரு நாற்றம். அவள் அசையவில்லை. அந்தப் பாறையை அப்படியே, புழுவும் பூச்சியுமாக, தண்ணீரில் வைத்தாள். வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் சோதனை. பாறை, மணல், கண்ணாடி எல்லாவற்றின் மேலும் பழுப்பாக ஒன்று படர்ந்தது. யாரோ டீயைக் கவிழ்த்த மாதிரி. 'முன்கண்ணாடிய மட்டும் தொடைங்க, மத்ததத் தொட்டீங்கன்னா என் கடைப்பக்கம் வராதீங்க' என்று சொல்லியிருந்தார் வண்ணமீன்காரர். அக்காவின் விரல் பரபரக்கும். பிரஷ்ஷை எடுப்பாள், வைப்பாள். அந்தப் பரபரப்பையெல்லாம் கடைத் துணியில் தீர்த்துக்கொண்டாள். ஒரே சட்டைக்கு நாலு தடவை இஸ்திரி. அந்தச் சமயத்தில் இந்தத் தெருக்காரர்களின் காலரில் வெங்காயம் நறுக்கலாம்.

"அட, ஆமாய்யா!" என்றார் சலூன் அண்ணன். "அப்ப ஒருநாள் என் கழுத்து கீறிடுச்சு. கத்திதான் பட்டுடுச்சுன்னு நெனச்சேன்."

பார்த்தீர்களா, சாட்சி.

ஒன்று மட்டும் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவேண்டி இருக்கவில்லை. தொட்டியில் தண்ணீர் குறைந்தபோது உப்புத் தண்ணீர் ஊற்றப் போனேன் நான். கையைப் பிடித்துக்கொண்டாள். "தண்ணி ஆவியா பறந்துடும், உப்பு எங்கயும் போகாது. நல்ல தண்ணிய ஊத்து." எப்படித் தெரியும் என்றேன். "ஆவி இஸ்திரிப்பெட்டிக்குள்ள வெள்ளையா படிஞ்சிருக்குமே, பாத்ததில்ல?"

ஒருநாள் காலை நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். உள்ளேயிருந்து ஒரே கூச்சல். "தம்பி! வாடா! செருப்போட வா, பரவால்ல!"

செருப்போடு! அந்த வீட்டுக்குள்! எனக்குக் கால் கூசியது. போனேன். பாறையின் ஒரு மூலையில், குண்டூசித் தலை அளவுக்கு ஊதாப் புள்ளி. அதற்குப் பக்கத்துப் பொந்திலிருந்து ஒரு புழு, விசிறி மாதிரி எதையோ விரித்து ஆட்டிக்கொண்டிருந்தது. பின்கண்ணாடிப் பாசியில் ஒரு நத்தை, அவசரமே இல்லாமல், வழிபோட்டுக்கொண்டு போனது.

"நானா எதுவுமே பண்ணலடா" என்றாள். "சும்மா விட்டேன். அதுவா வருது."

திரும்பி வரும்போது தரையைப் பார்த்தேன். என் செருப்புத் தடம் வாசல் வரை இருந்தது. பின்னால் எந்தத் துணியும் வரவில்லை.

அதன்பிறகு ஒவ்வொன்றாகக் குடிவந்தது. முதலில் ஜோடியாகக் கோமாளி மீன்கள். இந்தத் தடவை மூலையில் நிற்கவில்லை. பிறகு பொத்தான் பவளம். சட்டைப் பொத்தான் அளவில், பச்சையும் சிவப்புமாக, காலையில் விரியும், விளக்கை அணைத்தால் மூடும். 'இந்தப் பொத்தான் மட்டும் தொவைச்சாலும் அறுந்து போகாது' என்பாள். இன்னொரு பவளம் உண்டு. கை மாதிரி இருக்கும். விரலை விரிக்கும், மூடும், விரிக்கும். யாரையோ, வா வா என்று கூப்பிடுகிற மாதிரி. அக்கா வேலை முடித்ததும் அதற்கு எதிரில்தான் உட்காருவாள். அந்தக் கையும் அவளும் கூப்பிடுவது ஒரே ஆளைத்தான் என்று எனக்குத் தோன்றும். சொல்லமாட்டேன், சொன்னால் கேனை என் தலையிலேயே கவிழ்த்துவிடுவாள்.

மாமா வந்தார்.

நான் அங்கே எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். கேன் தூக்குகிறவன் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். கேன் மட்டும்தான் தெரியும். பையை வாசலில் வைத்தார். உள்ளே நீல வெளிச்சம். அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள். கை எப்போதோ காய்ந்துவிட்டது, அவள் நிறுத்தவில்லை.

"என்ன இது?"

"கடல்."

அவர் குனிந்தார். முழங்காலில் கை வைத்து, அப்படியே அந்த மரநாற்காலியில் உட்கார்ந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எந்தக் கடல் இது?"

"உங்க கடல்தாங்க. அது இல்லாம உங்களால இருக்க முடியலன்னுதான்..."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். "என் கடல் இப்படி இருக்காதும்மா. என் கடல்னா ஒரு அடுப்பு, ஒரு வெங்காய மூட்டை, எண்ணெய்ப்பிசுக்கு படிஞ்ச ஒரு வட்ட ஜன்னல். மேல ஏறிப் பாத்தா ஒண்ணுமே இருக்காது. அந்த ஒண்ணுமில்லாதத எத்தன வருஷம் பாப்ப? இந்த மாதிரி ஒரு பவளத்த நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்ப அந்த ஜன்னல்ல நின்னு என்னதான் பாத்தீங்க?"

"புறாவ."

"புறாவயா?"

"அது அங்கயே குச்சி கொண்டாந்து போடுது. அங்கயே எச்சம் போடுது. அங்கயே குடித்தனம் பண்ணுது. யாரும் அதத் தொடைக்கல." கொஞ்சம் நிறுத்தினார். "இந்த வீட்ல நான் எந்திரிச்சா, உக்காந்த எடத்த நீ தொடைச்சிடற. டம்ளரக் கீழ வச்சா கழுவிடற. நான் இங்க இருக்கேன்னு காட்ட ஒண்ணுகூட இருக்காது. அப்புறம் இருந்தா என்ன, போனா என்ன?"

கேன் என் தோளில். இறக்கிவைத்தால் சத்தம் வரும். இருபது லிட்டரையும் தூக்கிக்கொண்டு சிலை மாதிரி நின்றேன். இது முட்டு இல்லை, தோளைக் காட்டட்டுமா?

அவர் தொட்டியின் பின்பக்கத்தைக் காட்டினார். "இதுல மட்டும் பாசி விட்டு வச்சிருக்கியே?"

"அது இருக்கணுங்க" என்றாள் அக்கா. "இருந்தாதான் உயிர் நிக்கும்."

இரண்டு பேரும் தொட்டியைப் பார்த்தார்கள். அந்தக் கைப்பவளம் விரலை விரித்து விரித்து மூடியது.

அந்த லீவில் மாமா ஜன்னல் பக்கமே போகவில்லை. தினமும் அந்த நாற்காலிதான். குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டை அதன் முதுகில் போட்டார். அக்காவின் கை தானாகத் துண்டுக்குப் போனது, பாதி வழியில் நின்றது, திரும்பி வந்தது. என் கண்ணால் பார்த்தேன். அவர் டீ டம்ளர் வைத்த இடத்தில் வட்டமாகக் கறை விழுந்தது. அவள் துடைக்கவில்லை. மீனுக்கு அவர் தீனி போட்டார், குறைந்த தண்ணீரை அவர் ஊற்றினார், சிந்தியதை அந்தத் துண்டால் துடைத்துத் துண்டை மறுபடி நாற்காலியில் போட்டார். லீவு முடியும்வரை இருந்தார். இந்தத் தெருவில் முதல்முறையாக அவரை யாரும் விருந்தாளி என்று கூப்பிடவில்லை.

"அப்புறம் ஏன்யா போனாரு?" என்றார் பஞ்சர். அவர் கண் கலங்கியிருந்தது. டயர் புகை என்பார்.

ஏன் என்றால், வயசு முடிந்தாலும், வழக்கம்போல, வீட்டுக்கு வருவதற்கு முன்பே அடுத்த பயணத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். வீட்டில் தனக்கு என்ன காத்திருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கம்பெனியிலிருந்து நாள் சொல்லிவிட்டார்கள். அக்கா சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டையோடு கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"போகாதீங்க."

அவ்வளவு வருஷத்தில் முதல் தடவை. மாமா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா, சொன்னதுக்காக இருந்திருப்பீங்க."

"அதுக்காக இருந்தா என்ன? ஏதோ ஒண்ணுக்காகத்தான எல்லாரும் இருக்காங்க."

அக்கா அந்தச் சட்டையை எடுத்து, மடித்ததையே பிரித்து மடித்தாள்.

கையெழுத்துப் போட்டது போட்டதுதான். சமையல்காரன் இல்லாமல் கப்பல் கிளம்பாது. "இது ஒண்ணுதான். முடிச்சுட்டு வந்துடறேன்" என்றார். கிளம்பும்போது அந்தத் துண்டை எடுத்துப் பையில் திணித்தார். வாசல் வரை போனார். திரும்பி வந்தார். பையைத் திறந்து, துண்டை எடுத்து, நாற்காலியில் அது கிடந்த மாதிரியே போட்டுவிட்டுப் போனார். அன்று அக்கா மெஷினைப் போடவேயில்லை.

இப்போதும் போன் வருகிறது. இப்போது கேட்டுப் பாருங்கள்.

"போனக் கண்ணாடி கிட்ட வை... இன்னும் கிட்ட. அந்தக் கை விரியுதா?"

"விரியுது."

"பொத்தான்?"

"புதுசா ஒண்ணு மொளச்சிருக்கு."

"பின்கண்ணாடியத் தொடைச்சிடலயே?"

"தொடைக்கல."

"துண்டு?"

"இருக்கு. போட்ட எடத்துலயே இருக்கு."

பிறகு இந்தப் பக்கம் தொட்டி மோட்டார் முனகும், அந்தப் பக்கம் கப்பல் மோட்டார் முனகும். முன்னெல்லாம் இவள் ஒருத்தி ஏங்கினாள். இப்போது அவரும் ஏங்குகிறார். அவர் விட்ட கண்ணீரில் கப்பல் அரையடி மேலே எழும்பி, கேப்டன் பயந்துபோய் நங்கூரம் போட்டுவிட்டாராம்.

"இது முட்டு" என்றார் வாட்ச்மேன்.

முட்டுதான். ஆனால் அரையடி இல்லாவிட்டாலும் ஒரு விரற்கடையாவது எழும்பியிருக்கும். துண்டின் கதை இதுதான்.

அப்போது எதிரே அக்கா நாற்காலி பக்கம் வந்தாள். அந்தத் துண்டைக் கையில் எடுத்தாள். நாங்கள் நாலு பேரும் மூச்சை நிறுத்திவிட்டோம். அவள் அதை ஒரு உதறு உதறினாள். முகத்துக்கிட்டே கொண்டுபோனாள். அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு நாற்காலி முதுகிலேயே மறுபடி போட்டு, நுனியைச் சரிபண்ணிவிட்டு, துணி வாங்க வந்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள்.

"வருவாருய்யா" என்றார் பஞ்சர், மெதுவாக. "கண்டிப்பா வந்துடுவாரு."

"எப்படி வருவாரு?" என்றார் சலூன் அண்ணன். "ஒண்ணுதான் ஒண்ணுதான்னு எத்தன பேர பாத்திருக்கேன். என் மச்சான் இப்படித்தான் ஒரு தடவ வெளியூர் போறேன்னு போனான், இன்னும் போயிட்டே இருக்கான். அந்தம்மா அந்தத் துண்டத் தொவைச்சுப் போட்டுட்டு வேலையப் பாக்கட்டும்."

"தொவைக்கறதா? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"மனசு இருக்கு, மூக்கும் இருக்கு. அந்தத் துண்டுல இப்ப பாறை மாதிரி புழு வந்திருக்கும்!"

"புழு வந்தா வரட்டும்! அதான் குடித்தனம்னு இப்பதான சொன்னான்? காதுல என்ன வச்சிருந்த?"

"குடித்தனம் பாறையிலய்யா, துண்டுலயா பண்ணுவாங்க? டயருக்குக் காத்தடிக்கற ஆளு குடும்பத்தப் பத்திப் பேச வந்துட்டாரு!"

"உன் பொண்டாட்டி வருஷத்துல பாதி நாள் அம்மா வீட்ல இருக்காங்களே, ஏன்னு இப்பதான்யா தெரியுது!"

"யாரப் பாத்து என்னய்யா சொன்ன?"

பஞ்சர் பெஞ்சிலிருந்து எழுந்தார். சலூன் அண்ணன் கத்தியோடு திரும்பினார். "கத்தியக் கீழ வைங்கண்ணே" என்று நான் நடுவில் போனேன். இரண்டு பேரும் ஒரே குரலில், "எல்லாம் இவனாலதான்! உண்மையச் சொல்லுடா, அந்தத் துண்டு முட்டா, நாற்காலியா?" என்று என் மேல் பாய்ந்தார்கள்.

"நீங்க அடிச்சுக்குங்க, வெட்டிக்குங்க!" என்று கத்தினார் வாட்ச்மேன். ஒரு கன்னம் பளபளக்க, மறு கன்னத்தில் நுரை காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. "மொதல்ல இந்தக் கன்னத்த முடிச்சுட்டு அடிச்சுக்குங்கய்யா!"